சூப்பர்சார்ஜர் மினி: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

மினி கூப்பர் எஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே பேசப்போவது ஆர்53 என்ற மாடல் பற்றி மட்டும்தான். 2002 முதல் 2006 வரை விற்பனையில் இருந்த, ஆக்ஸ்ஃபோர்டில் தயாரான வண்டி. கிறைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் கூட்டாகப் பிரேசிலின் கம்போ லார்கோவில் நடத்திய ஆலையிலிருந்து வந்த 1.6 லிட்டர் ட்ரைடெக் என்ஜின். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே செருகி வைத்த ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், அதாவது பெல்ட்டால் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்பு. முதலில் 163 குதிரைத்திறன், 2004-இல் செய்த மாற்றங்களுக்குப் பிறகு 170. அடுத்து வந்த ஆர்56, எக்ஸாஸ்ட் புகையால் சுற்றும் டர்போவுக்கு மாறிவிட்டது. அதன் நோய்களே வேறு.

இந்த வண்டிகள் எல்லாமே இப்போது இருபது வயதை ஒட்டியவை. பிரிட்டனில் செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தி, வார இறுதியில் நோண்டுகிறவர்கள் நிறைய. வண்டி மக்கர் செய்தவுடன் இவர்களில் பாதிப் பேர் "சூப்பர்சார்ஜர் போச்சு" என்று முடிவு கட்டி, பழைய சாமான் கடையில் இன்னொன்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். எம்45-க்குள் ஒன்றையொன்று தொடாமல் சுழலும் இரண்டு ரோட்டர்கள், சில பல்சக்கரங்கள், பேரிங்குகள், அவ்வளவுதான். எண்ணெய் இருக்கும் வரை அது பெரும்பாலும் கெடாது. கெடுவது அதைச் சுற்றியிருக்கும் ரப்பரும் பிளாஸ்டிக்கும். அதனால் வெளியே இருப்பதை முதலில் பாருங்கள், கழற்றுவது கடைசி.

கையில் வேண்டியவை: காரின் கம்ப்யூட்டரைப் படித்து ஃபோனோடு பேசும் ஓபிடி அடாப்டர், பூஸ்ட் மீட்டர் (பூஸ்ட் என்றால் சூப்பர்சார்ஜர் ஏற்றும் காற்றழுத்தம்), டார்ச், நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனா. கடைசியில் சொன்னதுதான் மலிவானது, அதற்குத்தான் வேலை அதிகம்.

கிறீச்சென்ற சத்தம், பானெட்டுக்கு அடியில் கறுப்புத் தூள்

இந்த என்ஜினில் பெல்ட் ஒன்றுதான். கிராங்க் புல்லியிலிருந்து கிளம்பி ஏசி கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், சூப்பர்சார்ஜர் மூன்றையும் அதுதான் சுற்றுகிறது. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: வாட்டர் பம்புக்கு இங்கே தனிப் பெல்ட் கிடையாது. சூப்பர்சார்ஜரின் பின்முனையில் இருக்கும் பல்சக்கரம்தான் அதை ஓட்டுகிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் பூஸ்ட் போகும், சார்ஜ் போகும், கூடவே கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடும். ஓடும் வண்டியில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால் "வீடு வரை போய்விடலாம்" என்று நினைக்கவே வேண்டாம். ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

கிறீச் சத்தத்துக்குக் காரணம் பெல்ட்டாகவே இருக்கலாம். ஆனால் புதுப் பெல்ட் போட்டும் சில வாரத்தில் சத்தம் திரும்ப வந்தால் கிராங்க் புல்லியைச் சந்தேகப்படுங்கள். அது ஒற்றைத் துண்டு இல்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டையும் ஒட்டிப் பிடித்திருப்பது ரப்பர். வயதான ரப்பர் விட்டுக்கொடுத்ததும் குடம் ஒரு வேகத்திலும் வளையம் இன்னொரு வேகத்திலும் சுற்றும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

இங்கேதான் பெயின்ட் பேனா. வலது முன்சக்கரத்தையும் அதற்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றினால் புல்லி நேரே தெரியும். வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். குடத்திலிருந்து வளையத்தின் விளிம்பு வரை ஒரே நேர்கோடு போடுங்கள். எல்லாவற்றையும் மாட்டி, நல்ல மேடு ஒன்றில் நாலைந்து முறை முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஏற்றிவிட்டு வந்து திரும்பக் கழற்றிப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் புல்லி நல்லது. குடத்தில் ஒரு பாதியும் வளையத்தில் வேறு இடத்தில் மறுபாதியும் நின்றால் வேறு சாட்சி தேவையில்லை. மாற்றும்போது அதிர்வைத் தாங்கும் டேம்பர் உள்ளதாகவே வாங்குங்கள். எடை குறைவு என்று விற்கும் வெற்று அலுமினியப் புல்லியை நான் இந்த என்ஜினுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். கிராங்க்கின் அதிர்வை யாராவது தாங்கத்தானே வேண்டும்.

புல்லி சரி என்றால் அடுத்தது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். என்ஜின் ஐடிலில் ஓடும்போது தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் கை லேசாக நடுங்கலாம், துள்ளிக்கொண்டே இருக்கக் கூடாது. துள்ளினால் மாற்றுங்கள்.

பிக்கப் குறைந்துவிட்டது

பூஸ்ட் மீட்டர் இல்லாமல் இந்தப் பகுதியைப் படிப்பதில் பயனில்லை. கம்பெனிப் புல்லியோடு, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால், மேல் ஆர்பிஎம்மில் சுமார் 0.8 பார் வரவேண்டும். எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள்.

கீழிருந்தே குறைவாக ஏறி, கடைசி வரை குறைவாகவே நின்றால் காற்று எங்கோ வெளியேறுகிறது, அல்லது பைபாஸ் வால்வு (அடுத்த பகுதியில் வருகிறது) முழுதாக மூடவில்லை. பாதி வரை ஒழுங்காக ஏறி, 4,500 அல்லது 5,000-க்கு மேல் அப்படியே படுத்துவிட்டால் பெல்ட் நழுவுகிறது, மேலே சொன்ன பகுதிக்குத் திரும்பிப் போங்கள். பூஸ்ட் ஒழுங்காக, ஏன், வழக்கத்தைவிடக் கூடுதலாகவே காட்டியும் வண்டி இழுக்கவில்லை என்றால்? இது டர்போக்காரர்கள் குழம்பும் இடம். சூப்பர்சார்ஜர் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். எம்45 என்றால் சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. என்ஜின் அதை விழுங்க முடியாமல் திணறினால்தான் மானிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) அழுத்தம் ஏறுகிறது. ஆகவே கூடுதல் பூஸ்டும் குறைந்த இழுவையும் சேர்ந்து வந்தால் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் உள்ளே உடைந்து அடைத்திருக்கும். எக்ஸாஸ்ட்டை அகலமாக மாற்றிய பிறகு பூஸ்ட் கொஞ்சம் குறைந்தது என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். அது நல்ல செய்தி.

காற்றுக் கசிவுக்கு முதல் சந்தேகம், சூப்பர்சார்ஜர் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்க என்ஜின் தலைமேல் படுத்திருக்கும் இன்டர்கூலரின் இருபக்க ரப்பர் பூட்கள். மேலிருந்து பார்த்தால் புதிது போல இருக்கும். விரிசல் அடிப்பக்க மடிப்பில் விழும். கிளாம்புகளை எடுத்து, பூட்டை வெளியே இழுத்து, இரண்டு கட்டை விரலாலும் மடிப்பை விரித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிசாக எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பயப்பட வேண்டாம், அது கிராங்க்கேஸ் காற்றோடு வருவது. குளமாகத் தேங்கியிருந்தால் மட்டும் சூப்பர்சார்ஜரின் சீலை யோசிக்கலாம்.

போக்குவரத்து நெரிசலில் நின்றுவிட்டு எடுக்கும்போது மட்டும் மந்தமாக இருந்தால் அது கோளாறே அல்ல. இன்டர்கூலர் சூடான என்ஜின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் நிற்கும் வண்டியில் அதுவும் சூடாகிவிடும். ஓபிடியில் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள், வண்டி ஓட ஓட இறங்க வேண்டும். இறங்கத் தாமதமானால் பானெட்டின் காற்றுவாயையும் இன்டர்கூலரையும் இணைக்கும் பிளாஸ்டிக் கூடும் அதன் ஸ்பாஞ்சு ஓரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னாள் உரிமையாளர் யாரோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்.

மெதுவாக ஓட்டும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது

ஊருக்குள் இரண்டாவது கியரில் லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டால் குபுக்கென்று பாய்வது, காலை எடுத்தால் பொத்தென்று விழுவது. முழு வேகத்தில் ஒரு குறையும் இல்லை. இது பைபாஸ் வால்வு. நிதானமாகப் போகும்போது மானிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும். அந்த வெற்றிடம் வால்வைத் திறந்து, சூப்பர்சார்ஜர் தள்ளும் காற்றை அதன் வாய்க்கே திருப்பி அனுப்பும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் வால்வு மூடிப் பூஸ்ட் ஏறும். வால்வு ஒட்டிக்கொண்டால் திறப்பதும் மூடுவதும் படிப்படியாக நடக்காமல் பட்டென்று நடக்கும்.

இடுக்கில் மறைந்திருக்கும் அதன் கம்பியைக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். உதவிக்கு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் பிடித்ததும் கம்பி ஒரு இழுப்பில் நகர வேண்டும், அணைத்ததும் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். நகரவே இல்லை என்றால் முதலில் அதற்குப் போகும் மெல்லிய வெற்றிடக் குழாயைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் வால்வின் மேல் பழி போட வேண்டாம். கம்பி நகர்கிறது, ஆனால் சோம்பலாகத் திரும்புகிறது என்றால் வால்வை மாற்றுவதுதான் தீர்வு. கிளீனர் அடித்தால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

சூடேறுகிறது

எல்லா அறிகுறியிலும் இதற்குத்தான் நான் உடனே வண்டியை நிறுத்துவேன். கேஸ்கெட்டும் ஹெட்டும் போவது இந்த வழியில்தான். சூடான வண்டியில் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடினால் இறங்கினால்: ரேடியேட்டர் ஃபேன். இந்த ஃபேனுக்கு இரண்டு வேகம். மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது இந்த வண்டியின் பரம்பரை வியாதி. என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டும். அசையாமல் இருந்து, வெப்பம் நன்றாக ஏறிய பிறகு திடீரென்று விமானம் கிளம்புவது போல இரைந்தால் ரெசிஸ்டர் போய்விட்டது. ஃபேன் முழுவதையும் மாற்றலாம், ரெசிஸ்டரை மட்டும் புதிதாகப் பற்ற வைப்பவர்களும் உண்டு.

கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போனால்: பிளாஸ்டிக் எக்ஸ்பான்ஷன் டாங்கின் ஒட்டு விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்த கூலன்ட் உப்புப் பூத்தது போல நிற்கும். அலுமினிய டாங்க் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. அடுத்தது தெர்மோஸ்டாட் கூடு, அதுவும் பிளாஸ்டிக்தான்.

அளவும் சரி, ஃபேனும் சரி, ஆனாலும் வெப்பம் ஏறுகிறது என்றால் காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று சுடச்சுட வந்து, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. என்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் சுற்றவே இல்லை. காற்றடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் மிச்சம் இருப்பது பம்பு, அல்லது பம்பை ஓட்டும் சூப்பர்சார்ஜரின் பின்பக்கப் பல்சக்கரம்.

இந்த இடத்தில்தான் சூப்பர்சார்ஜர் நிஜமாகவே குற்றவாளி. அதற்குள் எண்ணெய் இரண்டு தனி அறைகளில் இருக்கிறது: புல்லிப் பக்கம் ஒன்று, வாட்டர் பம்புப் பக்கம் ஒன்று. என்ஜின் ஆயிலோடு இவற்றுக்குச் சம்பந்தம் கிடையாது. வண்டியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லை என்று கம்பெனி சொன்னது. நடைமுறையில் பம்புப் பக்க அறை வறண்டு, பல்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து, ஒரு நாள் பம்பு நின்றுவிடுகிறது. பூஸ்ட் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 1,00,000 கிலோமீட்டரைத் தாண்டிய, எண்ணெய் மாற்றிய ரசீது இல்லாத எந்த ஆர்53-க்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இந்த வேலைதான்.

அதற்கு முன்பக்கம் கழல வேண்டும். பம்பரை எடுத்து, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தை நீளப் போல்ட்டுகளில் முன்னால் தள்ளி நிறுத்தினால் சூப்பர்சார்ஜரை வெளியே எடுக்க இடம் கிடைக்கும். சாவகாசமாக ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். பழைய எண்ணெய் வெளியே வரும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுகிய முட்டையும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த நாற்றம் கையுறையைத் தாண்டி விரலில் ஒட்டும். எண்ணெயைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் வயது. மினுமினுப்பாகத் துகள்கள் மிதந்தால் பற்கள் தேய்கின்றன. பம்புப் பக்கம் ஒன்றுமே வராமல் வறண்டிருப்பதும் சாதாரணம். அப்போது மூடியைத் திறந்து பற்களை நேரில் பார்க்காமல் புது எண்ணெய் ஊற்றி மூடிவிடாதீர்கள்.

ஊற்ற வேண்டியது சூப்பர்சார்ஜருக்கென்றே விற்கும் செயற்கை எண்ணெய். 4 அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லி பாட்டில்களில் ஜிஎம் விற்பதைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். இரண்டு பாட்டில் போதும். கியர் ஆயிலோ என்ஜின் ஆயிலோ வேண்டாம், அளவுக்கு மேல் ஊற்றவும் வேண்டாம், சீல் வழியாகத்தான் வெளியேறும். கையோடு வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட், ஓ-ரிங்குகள், பெல்ட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். இதற்காக இன்னொரு முறை முன்பக்கத்தைக் கழற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

ஐடிலில் கடகடவென்று சத்தம்

ஆர்பிஎம் ஏற ஏறக் கூடும் மெல்லிய ஊளை இந்த வண்டியின் இயல்பு, பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். கேட்கக் கூடாதது ஐடிலில் வரும் கடகடப்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு சில நொடி மட்டும் என்ஜினை ஓட்டுங்கள். பம்பும் சுற்றாது, ஆகவே அதற்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் பெல்ட் ஓட்டும் ஏதோ ஒன்றுதான். அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பாகச் சுற்றுவதும், பிடித்து ஆட்டினால் ஆடுவதும் பேரிங் போனதன் அடையாளம்.

சூப்பர்சார்ஜர் புல்லி மழமழவென்று சுற்றியும் ஐடிலில் மட்டும் சத்தம் வந்து, 1,500 தாண்டியதும் மறைந்தால், தண்டையும் ரோட்டரையும் இணைக்கும் சின்னக் கப்ளர் தேய்ந்திருக்கிறது. தனியாக வாங்கி மாற்றலாம், முழு யூனிட்டை வாங்கத் தேவையில்லை.

மிஸ்ஃபயர்

ஏதாவது சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் விட்டுப்போவதுதான் மிஸ்ஃபயர். இந்த என்ஜினில் பிளக்குகளுக்கு மின்பொறி தரும் ஒரே காயில் பேக், அதிலிருந்து நாலு ஒயர். சிலிண்டர் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. அதனால் ஓபிடி காட்டும் பிழைக் குறியீடுகளைச் சும்மா அழிக்காமல் படித்துப் பாருங்கள், கடைசி எண்தான் சிலிண்டர். பி0301-ம் பி0304-ம் சேர்ந்து வந்தால் காயில். ஒற்றை சிலிண்டர் மட்டும் என்றால் ஒயர், பிளக், அப்புறம் இன்ஜெக்டர், அந்த வரிசையில். ஒயரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி மாட்டிப் பார்ப்பதைவிட (நீளம் ஒத்துவராது) பிளக்கை இடம் மாற்றிப் பார்ப்பது சுலபம். காயில் முனைகளில் பச்சையாகப் பாசி போலப் பிடித்திருந்தால் சுரண்டுங்கள், பாதி நேரம் அதுவே போதும்.

சின்னப் புல்லி போட்ட பிறகு நாக்கிங்

சூப்பர்சார்ஜர் புல்லியை 15 சதவீதம் சிறிதாக்குவதுதான் இந்த வண்டியில் எல்லோரும் செய்யும் முதல் மாற்றம். பூஸ்ட் 1 பாரை ஒட்டிப் போகும். கம்பெனியே ஜான் கூப்பர் ஒர்க்ஸ் என்ற வேகமான பதிப்பில் 11 சதவீதம் சிறியதைத்தான் போட்டது. ரேஸ் ஓட்டாதவர்கள் 15-க்கு மேல் போவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு மேல் எம்45 காற்றைவிடச் சூட்டைத்தான் அதிகம் தயாரிக்கிறது.

மாற்றிய பிறகு மேட்டில் ஏறும்போது கிணுகிணுவென்று உலோகச் சத்தம் கேட்டால் (அதுதான் நாக்கிங், பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பது) காலை உடனே எடுங்கள். பெட்ரோலின் ஆக்டேன் எண் 98-க்குக் கீழ் இருக்கக் கூடாது. பிரிட்டனில் சாதாரண பம்பில் வருவது 95, 2021 செப்டம்பரிலிருந்து அது ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) வேறு. சூப்பர் அன்லெடட் 97 முதல் 99 வரை கிடைக்கும், அதில் 98-ஓ அதற்கு மேலோ உள்ளதுதான் இந்த வண்டிக்கு. அப்புறம் பிளக். என்ஜிகே கணக்கில் எண் கூடக் கூடக் குளிர்ச்சி அதிகம், கம்பெனி 6 போட்ட இடத்தில் 7 போடுங்கள். இரண்டும் செய்தபின்னும் சத்தம் வந்தால் பெட்ரோல் போதவில்லையா என்று, காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாதா வண்டியின் 330 சிசி இன்ஜெக்டர் எல்லையில் வேலை செய்கிறது, 380 சிசி போட்டு டியூன் செய்வது வழக்கம்.

சூப்பர்சார்ஜர் உறுதியாக நல்ல நிலையில் இருந்தால்தான் இந்தப் புல்லியை வாங்கவே வேண்டும். வறண்ட பல்சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய புல்லியை எடுக்க அதற்கான புல்லரைப் பயன்படுத்துங்கள். சுத்தியல் அடி நேராகப் பேரிங்குக்குப் போகும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மாற்றத்தை மறைத்தால் விபத்து நேரத்தில் கைவிரிப்பார்கள்.

எண்ணெய் ஒழுகல், டிப்ஸ்டிக் துள்ளி வெளியே வருவது

டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சி) தானாக மேலே எழும்பியிருந்தால், கிராங்க்கேஸ் காற்றை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஒருவழி வால்வான பிசிவி வால்வு ஒட்டிக்கொண்டு, பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் நல்ல கேஸ்கெட்டும் ஒழுகும், ஆகவே ஒழுகல் வேலையைத் தொடங்குமுன் இதை மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கின் பிளாஸ்டிக் பிடி கையோடு உடைந்து வருவதும் சகஜம், ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சம்ப்பின் முன் ஓரம் நனைந்திருந்தால் எல்லோரும் சம்ப் கேஸ்கெட் என்பார்கள். அதற்குக் கை வைக்குமுன் பிளாக்கின் முன்பக்கம் கீழே இருக்கும் கிராங்க் சென்சாரைத் துடைத்துவிட்டு, மறுநாள் அங்கே விரல் வைத்துப் பாருங்கள். அதன் ஓ-ரிங் கெட்டியாகி எண்ணெய் கசிவது மிகச் சாதாரணம். சில பென்ஸ் விலையுள்ள வளையம். ஒரு போல்ட்டைக் கழற்றினால் வெளியே வந்துவிடும்.